ராத்திரி நெஞ்சுவலி: தைராய்டு என்று சும்மா இருக்கலாமா?

எங்கள் நாமக்கல் பக்கம் நாலு பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் தைராய்டில் வந்து நிற்கும். உடம்பு பெருத்தால் தைராய்டு, முடி கொட்டினால் தைராய்டு, கை கால் குடைந்தால் தைராய்டு! இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் நெஞ்சுவலியையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோமே, அதுதான் ஆபத்து. என் அனுபவம் நாலு பேருக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு வயது 46. ஆறு வருஷமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருஷம் ஆடி மாசம் ஒரு ராத்திரி நடுநெஞ்சில் அழுத்தி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே போய்க் குத்தியது. "வாயுதான் அம்மணி, ஓமத்தண்ணி வெச்சுக் குடி" என்றார் மாமியார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண், "தைராய்டு இருந்தா இப்படித்தானுங்க்கா" என்றாள். எங்க வீட்டுக்காரர் மட்டும், "எதுவா வேணா இருக்கட்டும், முதல்ல இருதயத்தைப் பாத்துரலாம் வா" என்று உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்து, இருதயத்தில் பழுதில்லை என்றார்கள். அப்போது லேடி டாக்டர் சொன்னதுதான் முக்கியம்: "தைராய்டு குறைஞ்சா ரத்தத்துல கொழுப்பு ஏறும், அது இருதயக் குழாயை அடைக்கலாம். மாத்திரை அளவு கூடிப்போனாலும் படபடப்பு, நெஞ்சுவலி வரலாம். அதனால தைராய்டு இருக்கிறவங்கதான் நெஞ்சுவலியை ரொம்பக் கவனிக்கணும்மா."

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை. முதுகு, தாடை, தோள், கையில் வலி, மூச்சு வாங்கல், குப்பென்று வேர்வை, குமட்டல் என்றும் வரலாம். இப்படி வந்து சில நிமிஷத்தில் விடாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இவற்றை நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

என் வலிக்குக் காரணம் இரண்டு. எங்க வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவர் வந்து சாப்பிட ராத்திரி பத்தரை ஆகும். சேர்ந்து சாப்பிட்டு உடனே படுப்பதால் வயிற்று அமிலம் மேலே ஏறி நெஞ்சில் எரிந்தது. டி.எஸ்.எச். கூடியிருந்ததால் தசைகளும் இறுகி முதுகு வலித்தது. மாத்திரை அளவை டாக்டர் மாற்றினார். மற்றது வீட்டில் நான் செய்வது:

* ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். படுக்க மூன்று மணி நேரமாவது இடைவெளி. அவருக்குப் பரிமாறிவிட்டுக் கூட உட்கார்ந்து பேசுவேன், அவ்வளவுதான்!

* கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடிக் கட்டை. தலையணையை அடுக்குவதைவிட இது நல்லது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன்.

* தைராய்டு மாத்திரை விடிகாலை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளி.

* அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இப்போது எனக்கு முதுகுவலி எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. நெஞ்செரிச்சல் அடங்கிவிட்டது. மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் சொல்லி வையுங்கள். 'பிள்ளைகள் தூங்குதே, விடியட்டும்' என்று நாம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம். அப்படிப் பொறுக்க வேண்டிய வலி இது இல்லை, சகோதரிகளே!