கடை வாசல் கற்றாழையைப் பிரித்து நடும் முறை

நமது வணிகர்கள் பலரது கடை வாசலில் கற்றாழை உண்டு. சிலர் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிடுவர். சிலர் தொட்டியில் வைத்து வளர்ப்பர். தொட்டியில் வளர்வதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

வைக்கும்போது ஒற்றைச் செடிதான். சில ஆண்டுகளில் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பித் தொட்டியை அடைத்துக்கொள்ளும். வேர் சுற்றிக்கொண்டு, இலை மெலிந்து, செடி சாயத் தொடங்கும். காற்றோட்டம் இல்லாமல் குடோனில் மூட்டை அடுக்கினால் என்ன ஆகும் என்பது நாம் அறிந்ததே. செடிக்கும் அதே கதிதான்.

நமது மண்டி வாசலில் இருந்த கற்றாழை நம் தாயார் வைத்தது. அவர் மறைந்த பின் அதைப் பிரிக்க மனம் வராமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டோம். பிறகு ஓர் அடைமழைக் காலத்தில் பிரித்து நட்டு, அன்றே குடம் நீர் ஊற்றினோம். சில நாளில் தாய்ச் செடியும் கன்றுகளும் அடி அழுகிச் சாய்ந்தன. பிழைத்தது ஒரே கன்று. அது நடாமல் மறந்து, படிக்கட்டு மூலையில் காய்ந்து கிடந்தது! அது கற்றுத் தந்த பாடம் இதோ:

1. ஐப்பசி, கார்த்திகை மழையில் கைவைக்க வேண்டாம். தை, மாசி உகந்தது. மூன்று நாள் முன்பே நீரை நிறுத்தவும்.

2. சாக்கை விரித்து, தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியை மண்ணோடு எடுக்கவும். இலையைப் பிடித்து இழுத்தால் ஒடியும்.

3. நான்கைந்து அங்குல உயரமும் சொந்த வேரும் உள்ள கன்றுகளை மட்டும் பிரிக்கவும். கையால் வராவிட்டால் கழுவிய கத்தியால் அறுக்கவும். அழுகிய வேரை நீக்கவும்.

4. அறுத்த இடத்தில் மஞ்சள் பால் கசியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். வயிற்றில் போனால் பேதியாகும். கையைக் கழுவிய பிறகே சரக்கைத் தொடவும்.

5. இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிடவும். வெட்டு காய்ந்தால்தான் அழுகல் புகாது. நாம் தவறியது இங்கேதான்.

6. அடியில் துளையுள்ள மண்தொட்டியே நல்லது. துளைமேல் ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண், மணல் சமபங்கும் சிறிது மக்கிய எருவும் கலந்து நடவும். தாய்ச் செடிக்குப் பழையதைவிட இரண்டு அங்குலம் அகன்ற தொட்டி போதும். மிகப் பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும்.

7. நட்டபின் ஒரு வாரம் நீர் வேண்டாம். பின்னர் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும். அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும், கொசுவும் பெருகும்.

அந்த ஒற்றைக் கன்றின் வம்சம் இன்று நம் மண்டியிலும், தம்பி கடையிலும், மகள் வீட்டிலும் செழித்திருக்கிறது. தாயார் வைத்த செடி நம்மோடு முடிந்துவிடவில்லை என்பதில் மனநிறைவு. உங்கள் தொட்டியும் நிறைந்திருந்தால் வரும் தையில் பிரியுங்கள். மிஞ்சும் கன்றைப் பக்கத்தில் புதுக்கடை திறப்பவருக்குக் கொடுங்கள்.