மாவுருண்டைக்குள் பஞ்சாமிர்தம்

காரைக்குடியில் பலகாரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம், கைமுறுக்கு என்று கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்து கிடக்கும். அத்தனையும் எண்ணெய்ச் சட்டியில் வெந்து வந்தவை. அவற்றுக்கு நடுவே, எண்ணெயையே பார்க்காத ஒரு பலகாரமும் வெளிர் மஞ்சள் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். பாசிப்பருப்பு மாவுருண்டை. தொட்டால் உதிரும் போலிருக்கும், ஆனால் உதிராது. வாயில் போட்டால் நெய்யும் ஏலக்காயும் மணக்க, மெல்லும் முன்பே கரைந்துவிடும்.

இதே ஊரின் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இப்போது இன்னொரு வகை உருண்டையும் வந்துவிட்டது. 'புரோட்டீன் பால்ஸ்', 'எனர்ஜி பைட்ஸ்' என்று பெயர் போட்ட பளபளப்பான பொட்டலங்கள். ஸ்ட்ராபெர்ரி சீஸ்கேக், லெமன் பை, மாம்பழம் எனப் பழமும் டெசர்ட்டும் கலந்த சுவைகளில் கிடைக்கின்றன. ஓட்ஸ், வே புரோட்டீன் தூள், வேர்க்கடலை அல்லது பாதாம் விழுது, பேரீச்சை ஆகியவற்றைப் பிசைந்து உருட்டிக் குளிரவைத்தால் வேலை முடிந்தது. ஓவன் வேண்டாம், பேக்கிங் வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி.

புரதம் மிகுந்த ஒரு மாவு, ஓர் இனிப்பு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கொழுப்பு. இவ்வளவுதான் அந்த உருண்டை. செட்டிநாட்டு ஆச்சிகள் தலைமுறை தலைமுறையாக உருட்டி, சம்படத்தில் அடுக்கி வைத்ததும் இதைத்தான். மாவுருண்டையில் குறை இல்லாமல் இல்லை. சர்க்கரையும் நெய்யும் தூக்கல், பழம் அறவே கிடையாது. அந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால், விலை கூடிய புரதத் தூளைத் தேடி ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலான வீடுகளுக்கு வராது.

மாவுருண்டையின் நல்லதும் கெட்டதும் வறுப்பதில்தான் இருக்கிறது. பருப்பைக் கழுவக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலரவிட்டு, அடிகனமான இருப்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் பச்சை வாடைதான் வரும். பிறகு மெல்ல ஒரு வாசம் கிளம்பும், அப்போதும் இறக்கக்கூடாது. பருப்பு இளம்பொன்னிறமாகி, ஒன்றை எடுத்துக் கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும். அந்த நொடியிலேயே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டில் அடிப்பருப்பு கருகி, மொத்த மாவும் கசக்கும்.

இந்த வறுப்பு மணத்துக்காக மட்டும் செய்வதல்ல. மாவுருண்டை அதற்குப் பிறகு வேகப்போவதில்லை, ஆகவே பருப்பு வேகும் ஒரே இடம் இந்தச் சட்டிதான். பச்சைப் பருப்பில், நம் குடலில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் சில பொருட்கள் உண்டு. சூடு அவற்றை வெகுவாக அடக்குகிறது. பருப்பில் மிச்சமிருக்கும் ஈரமும் பறந்துபோவதால் மாவு சீக்கிரம் கெடாது. அதற்காக நன்றாகச் சிவக்க வறுத்தாலும் நஷ்டமே. பருப்புப் புரதத்தின் சிறப்பே லைசின் என்ற அமினோ அமிலம். அளவுக்கு மீறிய சூட்டில் அதுதான் முதலில் அடிபடும்.

அரைப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அந்தக் காலத்தில் திருகையில் அரைத்துச் சல்லடையில் சலித்தார்கள். இன்று மிக்ஸி. எதில் அரைத்தாலும் பருப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்து மாவு கட்டி தட்டும். கடைசியில் நெய் காய்ச்சிச் சூடாக ஊற்றுவார்கள். உருகிய நெய் ஒவ்வொரு மாவுத் துகளையும் பூசிக்கொண்டு, ஆறும்போது கெட்டிப்பட்டு உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இனி புரதக் கணக்கு. தோல் நீக்கிய பாசிப்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பொட்டுக்கடலையில் சுமார் 22 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் போதும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பைத் தேற்றுவதற்காகப் புரதத் தூள்களை நம்ப வேண்டாம் என்றும் அறிவுறுத்தியிருக்கிறது.

பாரம்பரிய மாவுருண்டைக்கு வீடுகளில் பருப்பு ஒரு பங்கு என்றால் சர்க்கரையும் ஒரு பங்கு போடுவது வழக்கம். 200 கிராம் பருப்பு, 200 கிராம் சர்க்கரை, 125 கிராம் நெய் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் உருண்டையில் சுமார் 9 கிராம் புரதம் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு திடப்பொருளின் பொட்டலத்தில் 'புரதம் நிறைந்தது' என்று அச்சிட, 100 கிராமில் அன்றாடத் தேவையின் 20 சதவீதம் இருக்க வேண்டும். 54 கிராமுக்கு அது கிட்டத்தட்ட 11 கிராம். ஆக, மாவுருண்டை இரண்டு கிராமில் தோற்றுப்போகிறது. தோற்கடிப்பது சர்க்கரை. சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தில் கடலையும் பழமும் வந்தால் எளிதாக ஜெயித்துவிடும்.

எந்தப் பழம்? பதிலைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்தே போகும் வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கின்றன. பல தலைமுறைகளாகத் தொடரும் நடை அது. திரும்பி வரும்போது வீட்டுக்கு வந்து சேர்வது பஞ்சாமிர்தம். மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, உலர் திராட்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் சேர்ந்த அந்தச் சுவையை விடச் சிறந்த பழ டெசர்ட் தமிழ்நாட்டில் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் கிடைத்துவிட்டது.

பஞ்சாமிர்தத்தையே எடுத்து மாவில் கொட்டிப் பிசைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடாது. பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்குக் காரணம், மலை வாழையில் நீர்ச்சத்து குறைவு, சேரும் சர்க்கரை மிக அதிகம். கிருமிகள் வளரத் தேவையான ஈரத்தைச் சர்க்கரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதையே மாவில் கலந்தால் பஞ்சாமிர்தத்தின் ஈரம் மாவுக்குள் இறங்கும், சர்க்கரையின் பாதுகாப்பும் நீர்த்துப்போகும். சாதாரண வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்தால் இன்னும் மோசம், மறுநாளே புளிப்பு தட்டிவிடும். எனவே பழம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். பேரீச்சையும் உலர் திராட்சையும் எல்லாக் கடையிலும் உண்டு. உலர்த்திய வாழைப்பழமும் தேன் தடவியும் தடவாமலும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த வகை மதிப்புக்கூட்டலைப் பலருக்கும் கற்றுத் தந்திருக்கிறது.

செய்முறை இதுதான். 200 கிராம் பாசிப்பருப்பை மேலே சொன்னபடி வறுத்து, ஆறவைத்து, மாவாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வேர்க்கடலையை வறுத்துத் தோலைப் புடைத்து, விட்டுவிட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓடவிட்டால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். 25 கிராம் வெள்ளை எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், உலர் வாழை 50 கிராம், உலர் திராட்சை 25 கிராம், மூன்றையும் முடிந்தவரை பொடியாக நறுக்குங்கள். வாணலியில் 50 கிராம் நெய்யை இளஞ்சூடாக்கி, பழங்களைப் போட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கரண்டியால் மசித்தால் இளகிக் கூழாகும். அடுப்பை அணைத்துவிட்டு மாவு, கடலைப்பொடி, எள், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கையால் அழுத்திப் பிசையுங்கள். கடைசியில் ஒன்றிரண்டாக உடைத்த கற்கண்டு ஒரு தேக்கரண்டி. கடிக்கும்போது இடையிடையே அகப்படும் அந்தக் கற்கண்டுதான் பழனியை நினைவூட்டும். பிடிக்க வரவில்லை என்றால் ஒரு கரண்டி தேன் விடலாம். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டுக்கூட ஆகாது.

மொத்தம் 600 கிராம் வரும், 30 கிராம் வீதம் 20 உருண்டைகள். மூலப்பொருட்களின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் புரதம், உருண்டைக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு உருண்டை சாப்பிட்டால் ஒரு முட்டையை விடக் கூடுதல் புரதம். கலோரியும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓர் உருண்டை ஏறத்தாழ 125 கலோரி. சாயங்காலப் பசிக்கு இரண்டு என்பது நல்ல அளவு.

எள் வெறும் மணத்துக்காக அல்ல. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளில் நேர்மாறு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. பழைய பொரிவிளங்காய் உருண்டையில் அரிசி, பாசிப்பருப்பு, கடலை எல்லாம் ஒன்றாக வறுபட்டு, சுக்கும் வெல்லப்பாகும் சேர்ந்து, பல்லுக்கு வேலை வைக்கும் அளவு கெட்டியாக நிற்பதிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. புரதம் இன்னும் வேண்டும் என்பவர்கள் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் மூன்று மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதில் 100 கிராமுக்கு 35 கிராம் அளவில் புரதம் உண்டு, பால்கோவா சாயலும் வந்துவிடும். வாழைக்குப் பதில் மாம்பழம் விரும்பினால், மாம்பழச் சாற்றைத் தகடு தகடாகக் காயவைத்து விற்கிறார்களே, அதை நறுக்கிப் போடலாம்.

தமிழ்நாட்டில் சத்துருண்டை விளையாட்டு வீரர்களின் தின்பண்டமாகத் தொடங்கவில்லை. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் தினமும் சத்து லட்டு கொடுத்தார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை அது. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். மருந்துச் சீட்டைப் போல அளவும் நாளும் குறித்து ஓர் உருண்டையை ஊட்டிய அந்தத் திட்டம் உலக அளவில் ஆராயப்பட்டது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்பவர்கள் சிலவற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வேர்க்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை மணம் வீசுவது எதையும் சேர்க்கக்கூடாது. அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதற்குப் பதில் பொட்டுக்கடலை போடலாம், ஆனால் பருப்பு வகை எதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கற்கண்டு தவிர வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் நீரிழிவுக்காரர்கள் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, பேரீச்சையில் இருப்பதும் சர்க்கரையே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன புரத அளவைத் தாண்டக்கூடாது. உருண்டைகளை ஈரமில்லாத எவர்சில்வர் சம்படத்தில் மூடி வைத்தால் ஒரு வாரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம்வரை வைக்கலாம்.

காரைக்குடிப் பலகாரக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவுருண்டைப் பொட்டலத்தின் மீது 100 கிராமில் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். சர்க்கரை குறைத்து, பழமும் எள்ளும் சேர்த்த ஒரு வகையையும் அதன் பக்கத்தில் வையுங்கள். புரதத் தூள் டப்பாவின் விலையைப் பார்த்துத் திரும்பி வரும் கல்லூரிப் பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு இது கட்டுப்படியாகும்.