கடல் மட்டத்திலிருந்து ஒரு மலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் நெல்வயல்கள் கடற்கரை வரை விரிந்து கிடக்கின்றன. வயல் முடியும் இடத்திலேயே ஜெராய் மலை எழுந்து நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர். கொடைக்கானலோடு ஒப்பிட்டால் பாதிக்குச் சற்றே கூடுதல். பட்டியலில் பார்த்தால் சிறிய மலைதான். ஒரு நாள் போதும், காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு நாளுக்காக இரண்டு வாரம் உடம்பைப் பழக்க வேண்டியிருக்கிறது. அதற்கான காரணம் மலையில் இருப்பதை விடக் கடலில்தான் அதிகம் இருக்கிறது.

கடலுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு பழையது. பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டால், 1,217 மீட்டர் உயரமுள்ள சிகரம் தெளிந்த நாளில் 125 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கப்பலுக்குத் தெரியத் தொடங்கும். வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைந்த மாலுமிகளுக்குக் கரை தெரிவதற்கு வெகு முன்பே இந்த முடி தெரிந்துவிடும். முதலாம் ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டிப் படை அனுப்பிய கடாரம் இந்த மலையடிவாரத்துப் பகுதியே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அடிவாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று நெல் விளையும் சமவெளியின் பெரும்பகுதி அப்போது ஆழமற்ற கடல். மலையின் பாறையோ ஐம்பது கோடி ஆண்டுப் பழமையானது, பெரும்பகுதி குவார்ட்சைட். சுற்றியிருந்தவை எல்லாம் கரைந்து போன பிறகும் கரையாமல் நின்றது அதுதான்.

கடலோர மலையில் முதலில் மனதில் கொள்ள வேண்டியது, அதன் உயரம் முழுவதையும் நாமே ஏற வேண்டும் என்பது. போர்னியோவின் கினபாலு சிகரம் 4,095 மீட்டர். ஆனால் அங்கே நடைபாதை தொடங்கும் வாயிலே 1,866 மீட்டரில் இருக்கிறது. மிச்சமுள்ள 2,229 மீட்டரைப் பெரும்பாலோர் இரண்டு நாளில், குளிர்ந்த காற்றில் ஏறுகிறார்கள். ஜெராயில் அதில் பாதிக்கும் மேற்பட்ட ஏற்றம் ஒரே நாளில், வெப்பமண்டலக் கடற்கரையின் புழுக்கத்தில் தொடங்குகிறது. மேலே விடுதிவரை வண்டிச் சாலையும் உண்டு. காலால் ஏறுவதென்று முடிவு செய்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஏறும்போது மூச்சு வாங்கினால் பிராணவாயு குறைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏழில் ஒரு பங்குதான் குறைவு. நலமாக இருப்பவர் அதைப் பெரிதாக உணரமாட்டார். உண்மையான சுமை வெப்பம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோ பையோடு 1,200 மீட்டர் ஏறுகிறார். அந்த 75 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் சுமார் 210 கிலோகலோரிதான். நாலைந்து இட்லியில் கிடைத்துவிடும். ஆனால் நம் தசை உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதாவது 210 கிலோகலோரி வேலை செய்ய 840 கிலோகலோரி எரிக்கிறோம், அதில் 630 வெறும் சூடு. இந்தச் சூடு வெளியேற வழியே இல்லாமல் உடம்புக்குள் தங்கினால் உடல் வெப்பம் 10 டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். 37லிருந்து 42ஐத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு கண்டுபிடித்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துச் சென்றுவிடும்.

ஆவியானால் என்பதுதான் முக்கியம். சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கடல் தன் மேலிருக்கும் காற்றை நீராவியால் நிரப்பிவிடுகிறது. அந்தக் காற்றுதான் மலையடிக் காட்டுக்குள் வந்து தேங்குகிறது. மர நிழலில் வெயில் உறைக்காது. ஆனால் காற்றும் அசையாது. தோலை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு ஈரத்தால் நிறைந்து, அகலாமல் அங்கேயே நிற்கிறது. சட்டை பிழியும் அளவு நனையும், உடம்பு மட்டும் ஆறாது. இன்னும் வேர்க்கச் சொல்லி மூளை கட்டளையிடும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் போவது இப்படித்தான்.

இந்த இடத்தில்தான் இரண்டு வாரப் பழக்கம் கைகொடுக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் வெக்கையில் வேர்க்க விறுவிறுப்பாக நடந்தால், பத்துப் பதினான்கு நாளில் உடம்பு மாறுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் அதே ஏற்றத்தில் இதயம் குறைவாக அடித்துக்கொள்கிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளக் கற்றுக்கொள்வதால் வியர்வையின் உப்புச் செறிவு குறைகிறது. சென்னையிலோ கெடாவின் சுங்கை பட்டாணியிலோ வாழ்வதால் மட்டும் இந்தப் பழக்கம் வந்துவிடாது. குளிர்சாதன அறை, குளிர்சாதன வண்டி, மறுபடி அறை என்று இருப்பவரின் உடம்புக்குத் தன் ஊர் வெயிலே அந்நியம். குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடிவிட்டுக் கடலோர மலைக்குக் கிளம்புவது பாதித் தயாரிப்புதான் என்பேன்.

எவ்வளவு நீர் கொண்டுபோவது? பொதுவான அளவு சொல்வதை விட அவரவர் அளந்து பார்ப்பது மேல். பயிற்சி நாளில் நடப்பதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு மணி நேர வியர்வை அதுதான். அதில் பெரும்பகுதியை ஈடுகட்டினால் போதும். போனதை விட அதிகமாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், மயக்கம் எல்லாம் அதிலும் வரும். நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். சிறுகுடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. அவற்றின் பின்னால் நீரும் போகிறது. வாந்திபேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதனால்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியில் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து அதே வேலையைச் செய்கிறது. காலையில் அதைக் குடித்துவிட்டு மலையடிக்குப் போவதைப் போல நல்ல தொடக்கம் இல்லை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கூட வருபவருக்குப் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. கீழே தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அங்கேயே குளிர்விக்க வேண்டும். தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து, விடாமல் விசிற வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மேலே போகப் போகக் கடல் வேறு உருவில் வருகிறது. பகலில் நிலம் சீக்கிரம் சூடேறுகிறது, கடல் மெதுவாகத்தான் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. சமவெளியில் தடையில்லாமல் வந்த காற்று மலைச் சரிவில் முட்டி மேலேறுகிறது. ஏறும்போது விரிந்து குளிர்கிறது. மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்பதை அடிவாரத்திலிருந்தே கணிக்கலாம். காற்றின் வெப்பநிலைக்கும், அதன் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலையான பனிவிழு நிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டரில் இருக்கும் என்று கிடைத்துவிடும். கடற்கரையில் 31 டிகிரி, பனிவிழு நிலை 25 என்றால் 750 மீட்டர். ஜெராயின் மேல் நானூற்றுச் சொச்சம் மீட்டர் அந்நேரம் மேகத்துக்குள் இருக்கும்.

காட்டைப் பார்த்தாலே இது தெரியும். கீழே முப்பது மீட்டருக்கு மேல் நெட்டையாக நிற்கும் மரங்கள் மேலே போகப் போகக் குட்டையாகி, கிளை முறுகி, பாசி போர்த்திக்கொள்கின்றன. பெரிய மலைத்தொடர்களின் நடுவே இத்தகைய குட்டைக் காட்டைக் காண இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே போக வேண்டியிருக்கும். கடலோரத்தில் தனித்து நிற்கும் மலையில் அது ஆயிரம் மீட்டரை ஒட்டியே வந்துவிடுகிறது. உயர்ந்த பீடபூமி வெயிலில் காய்ந்து தன்னைச் சுற்றிய காற்றையும் சூடாக்கும். தனி மலைக்கு அந்த வசதி கிடையாது. மேகம் தாழ இறங்குகிறது, வெயில் குறைகிறது, குவார்ட்சைட் பாறைமேல் மண்ணும் மெலிந்து போகிறது. சின்ன மலைக்குப் பெரிய மலையின் வானிலையைக் கொடுப்பது கடல். நனைந்த சட்டையோடு அந்த மேகத்துக்குள் நுழைகிறவருக்கு நடுக்கம் எடுப்பதும் இதனால்தான். அடிவாரத்தை விட ஏழெட்டு டிகிரி குறைவு, மேலே காற்றும் வீசும். தண்ணீர் புகாத உறையில் ஒரு காய்ந்த சட்டையைக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஆகவே நேரம்தான் முதல் பாதுகாப்பு. ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. ஸ்காட்லாந்தின் குளிரில் நல்ல பாதையில் நடப்பவருக்கான கணக்கு அது. வேரும் சேறும் புழுக்கமும் உள்ள காட்டில் அதைப் போல ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். வட கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. ஆனால் மலேசியக் கடிகாரத்தில் அப்போது சூரியன் உதிப்பதே ஏழரை மணியளவில்தான். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் காலை கையைவிட்டுப் போய்விடும். தலைவிளக்கோடு ஆறரைக்கே தொடங்குவது நல்லது. எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துவிட வேண்டும். மேலே போனபின் எடுக்கும் முடிவை ஆசை எடுக்கும். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். மலைவழிகாட்டியும் உடன் இருக்கட்டும்.

ஓடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் பெய்த மழை சில கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்துக்கு வந்தாக வேண்டிய மலை இது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் கொட்டிய மழை மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு அடிவாரத்து யான் ஊர்ப் பக்கம் இறங்கியது, உயிர்கள் போயின. கீழே வெயில் அடிக்கும்போதும் இப்படி நேரலாம். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், யோசிக்காமல் கரையேறி உயரத்துக்குப் போய்விட வேண்டும்.

இனி இறக்கம். ஏற்றத்துக்குப் பழகுகிறவர்கள் உண்டு, இறக்கத்துக்குப் பழகுகிறவர்கள் அரிது. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே விசை கொடுக்கிறது. இறங்கும்போது உடம்பின் எடை முழங்காலை மடக்கிக்கொண்டு கீழே இழுக்க, அதே தசை நீண்டுகொண்டே அதைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். இதற்கு ஆற்றல் செலவு குறைவு, மூச்சும் வாங்காது. அதனால் எளிதென்று தோன்றும். ஆனால் தசையிழைக்குள் இருக்கும் நுண்ணிய சுருங்கு அலகுகளில் சில இழுபட்டுச் சேதமாவது இந்த வேலையில்தான். வலி உடனே வராது; ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். மலையிலேயே தெரிவது வேறு: பாதி இறங்கியதும் முழங்கால் ஆடத் தொடங்கும். அந்நேரம் பார்த்துத்தான் ஈரப் பாறையும் வழுக்கு வேரும் வரும்.

இதற்கு உடம்பிலேயே ஓர் அற்புதமான மருந்து இருக்கிறது. ஒரே ஒரு முறை இறக்கத்தில் தசையை வருத்தினால் போதும்; அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு சேதம் செய்யாது. தசையும் அதை இயக்கும் நரம்பும் அந்த ஒரு பாடத்திலேயே தங்களைத் திருத்திக்கொள்கின்றன. எனவே பயணத்துக்குப் பத்து நாள் முன்பு படியிறங்கிப் பழகுங்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படிகள், பத்துமலையில் 272. அடுக்குமாடிப் படிக்கட்டும் ஆகும்: மின்தூக்கியில் ஏறி, நடந்து இறங்கலாம். மறுநாள் தொடை வலித்தால் பாடம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கடைசி மூன்று நாள் ஓய்வு.

காலணிக்கு மலேசியர்கள் கண்டுபிடித்திருப்பது ‘கம்போங் அடிடாஸ்’ என்று அழைக்கப்படும் முழு ரப்பர் மூடுகாலணி. பால்மரம் வெட்டுபவர்கள் ரப்பர் தோட்டங்களில் அணிந்தது. விலை மலிவு, அடியில் முளைகள், நீரை உறிஞ்சாது, சேற்றில் நன்றாகப் பிடிக்கும். காலுறை நீளமாக இருக்கட்டும், அட்டைகள் உண்டு. புது ஜோடியைப் படியிறங்கும் பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள். ஏறும்போது குதிகாலையும் இறங்கும்போது விரல் நுனியையும் கடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஜெராய் ஏறி இறங்கிய கால்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் சில வாரம் இருக்கும்; வெப்பப் பழக்கமோ விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதற்குள் கோலா கெடா துறையில் படகேறினால் லங்காவித் தீவு. அங்கே 881 மீட்டரில் குனோங் ராயா, அதுவும் கடலிலிருந்தே எழும் மலை.