ரோடு ஏன் ஓரத்தில் பிளக்கிறது?

கத்திரி வெயில் முடிந்ததும் உங்கள் தெரு ரோட்டின் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா? கான்ட்ராக்டரைத் திட்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே, பள்ளிக்கரணை சதுப்புநிலம் வரை, ஏரியும் வயலுமாக இருந்த இடங்களில் பல இன்று தெருக்கள். அங்கெல்லாம் அடியில் களிமண்தான்.

களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். நடு ரோட்டு மண்ணைத் தார் மூடியிருப்பதால் ஈரம் சட்டென்று போகாது. ஓரத்து மண்தான் காய்ந்து இறங்கும்; பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் வேகமாக. அக்டோபர் மழை அந்த விரிசல் வழியாக நேரே அடிமண்ணுக்குள் இறங்கும். அப்புறம் பள்ளம்தான்.

மேலே மேலே தார் போட்டால் ரோடு உயரும், வீடு தாழும், மழைத் தண்ணீர் ஹாலுக்குள் வரும். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல விஷயம். ஆனால் சுரண்டுவது மேல்தோலை மட்டும்தானே!

தெருவை அடைக்காமல் செய்யக்கூடியது, மழைக்கு முன் விரிசலை ஊதிச் சுத்தம் செய்து, சூடான தார் ஊற்றி அடைப்பது. சில மணி நேர வேலை. ஓரத்து மண்ணையும் மூடி, மழைநீர் தேங்காமல் வடியவிட்டால், ஈரம் ஏறி இறங்குவது குறையும்.

முற்றிலும் கெட்ட ரோடா? பாதி அகலத்தை மட்டும் தோண்டி, களிமண்ணில் 3 முதல் 6 சதவிகிதம் சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம். மறுபாதியில் வண்டிகள் போகட்டும். பாட்டி வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான், மண்ணின் உப்பும் குணத்தை அடக்கிவிடும். இறுகச் சில நாள் ஆகும்.

மாநகராட்சிக்கு மனு கொடுப்பதென்றால் செப்டம்பருக்குள் கொடுங்கள்.