காய்ச்சல் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்!

மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் ஆளுக்கொரு இருமல். 'சளிதானே, ரெண்டு நாள்ல போயிடும்' என்போம். மற்றவர்களுக்குச் சரி; ஏற்கனவே நுரையீரல் பழுதுபட்டவர்களுக்கு அப்படி இல்லை சகோதரிகளே!

என் மாமியாருக்கு வயது 71. சிகரெட் வாசனையே ஆகாது. ஆனால், 40 வருஷம் விறகடுப்பு, வறட்டி, ஊதுகுழல் என்று வாழ்ந்தவர். மூச்சிரைப்புக்குக் காட்டியபோது, குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், 'சி.ஓ.பி.டி.' என்றார். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாத நோய் இது. 'பீடி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்றது எனக்கேன்?' என்று அத்தை கேட்க, 'அடுப்புப் புகையும் புகைதானே பாட்டி' என்றார்.

சுருங்கிய குழாயில் கிருமியும் சேர்ந்தால் வீக்கம், சளி அடைப்பு, அப்புறம் மூச்சுக்கு இடம் ஏது? 2023 நவம்பரில் பேரனின் ஜலதோஷம் அத்தையைத் தொற்றியது. மூன்றாம் நாள், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. 'காய்ச்சலே இல்லையே, ஆஸ்பத்திரி எதுக்கு?' என்றார் பக்கத்து வீட்டம்மா. வயதானவர்களுக்கு நெஞ்சில் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாமாம். ஆறு நாள் ஆக்சிஜனோடு படுத்திருந்து வீடு திரும்பினார். முன்பு தெருக்கோடிக் கோவில் வரை நடந்தவர், இப்போது வாசலோடு சரி. ஒவ்வொரு தொற்றும் இப்படிக் கொஞ்சம் பலத்தைக் கொண்டு போய்விடுகிறது.

மூச்சு வாங்குவது வழக்கத்தைவிடக் கூடினாலோ, சளி அதிகமானாலோ, அது மஞ்சள், பச்சையாக மாறினாலோ, டாக்டரிடம் போய்விட வேண்டும். காலையில் துப்பும் சளியைப் பார்க்க அருவருப்புப் பட்டால் நடக்காது. உதடு நீலம் பாரித்தாலோ, நினைவு தடுமாறி அரைத்தூக்கமாகக் கிடந்தாலோ, 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். பல சமயம் இது வைரஸால் வருவது. அதற்கு அந்த மாத்திரை கேட்காது. 'இன்ஹேலர் பழகிடும், நிறுத்து' என்று சொல்ல ஒரு சித்தியோ, பெரியம்மாவோ எல்லார் வீட்டிலும் உண்டு. காதில் வாங்காதீர்கள். இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

டாக்டர் சொன்னபடி ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி இரண்டும் நிறுத்தம். அதில்தான் அத்தைக்கு என் மேல் கோபம். 'வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடும் ஒரு வீடா?' என்று இன்னமும் முணுமுணுக்கிறார்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.