வாரியத்தில் யார் இருந்தால் நிறுவனம் நன்றாக நடக்கும்?

பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. ஆண்டு 1917, நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே. இன்று அந்தத் தோட்டம் எஸ்டி கத்ரி நிறுவனத்தின் கையில். 2024 வரை அந்த நிறுவனத்தின் பெயர் சைம் டார்பி பிளாண்டேஷன்.

தோட்டத்து மக்களுக்குக் கங்காணியைத் தெரியும், கிராணியைத் தெரியும், துரையைத் தெரியும். இவர்கள் எல்லாருக்கும் மேலே இருக்கும் இயக்குநர் வாரியத்தைப் பலருக்கும் தெரியாது. தலைமைச் செயல்முறை அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் அந்த வாரியம். பெரிய முதலீடுகளுக்கு ஒப்புதல் தருவதும், கணக்கு சரியா என்று பார்ப்பதும் அதுதான். நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. ஆகவே, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவரின் சேமிப்பிலும் ஒரு துளி அங்கே இருக்கிறது.

அப்படியென்றால் எப்படிப்பட்ட வாரியம் நல்ல லாபம் தரும்? ஆய்வாளர்கள் நான்கு குணங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, எத்தனை பேர் என்பது. அமெரிக்காவின் 452 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்த டேவிட் யெர்மாக், சிறிய வாரியம் உள்ளவற்றுக்குச் சந்தை மதிப்பு அதிகம் என்று 1996இல் எழுதினார். பல தொழில்களில் கால் வைத்த சிக்கலான நிறுவனங்களுக்குப் பெரிய வாரியமே உதவுகிறது என்று 2008இல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது.

இரண்டாவது, சுயேச்சை இயக்குநர்கள். நிர்வாகத்தோடும் பெரும் பங்குதாரரோடும் ஒட்டுறவு இல்லாதவர்கள் இவர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் வாரியத்தில் இவர்கள் குறைந்தது இருவர், அல்லது மூன்றில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது இருக்க வேண்டும் என்பது புர்சா மலேசியாவின் விதி. ஆனால் இவர்கள் கூடினால் லாபமும் கூடும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. சறுக்கும் நிறுவனங்களே அவசரமாகச் சுயேச்சை இயக்குநர்களைச் சேர்க்கின்றன என்பது ஒரு காரணம். மருத்துவமனையில் நோயாளிகள் நிறைய இருப்பதால், நோயைத் தருவது மருத்துவமனைதான் என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

மூன்றாவது, பெண்கள். 2023 ஜூன் முதல் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களிலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் கட்டாயம். 2021இன் நல்லாளுகை நெறிமுறை வாரியத்தில் 30 விழுக்காட்டினர் பெண்களாக இருக்கச் சொல்கிறது. பெண்கள் உள்ள வாரியங்களில் கூட்ட வருகை கூடுகிறது, கண்காணிப்பு இறுகுகிறது என்று ஆடம்ஸ், ஃபெரேரா இருவரும் 2009இல் கண்டார்கள். கண்காணிப்பு தளர்ந்த நிறுவனங்களுக்கு இது பலன் தந்தது. ஏற்கெனவே இறுக்கமாக இருந்தவற்றுக்குத் தரவில்லை.

நான்காவது, காலமும் கவனமும். ஒரே நிறுவனத்தில் சுயேச்சை இயக்குநராக ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியாது. ஐந்து பட்டியல் நிறுவனங்களுக்கு மேல் அமரவும் முடியாது. நாள்பட்ட பழக்கம் கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிடும். பல நாற்காலிகளில் உட்காருபவருக்குக் கோப்பைப் படிக்க நேரம் இருக்காது.

வாரியத்தின் அமைப்பு சரியாக இருந்தாலும் போதாது என்பதற்குச் சாட்சி நம் கண்முன்னே இருக்கிறது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் இணைந்து ஒரே குழுமமாயின. வாரியத்தின் தலைவர் முன்னாள் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம். தலைமைச் செயல்முறை அதிகாரி வேறொருவர்; இரு பதவிகளும் ஒருவர் கையில் குவியவில்லை. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் எரிசக்திப் பிரிவு கத்தார் எண்ணெய்த் திட்டங்களிலும் சரவாக்கின் பாக்குன் அணையிலும் செலவுக்கு மேல் செலவு வைத்தது. வாரியம் தனிக்குழு அமைத்து ஆராய்ந்த பிறகு, 2010 மே மாதத்தில் 96 கோடியே 40 லட்சம் ரிங்கிட் இழப்பை அறிவித்தது; தலைமைச் செயல்முறை அதிகாரியை விடுப்பில் போகச் சொன்னது. செம்பனை சம்பாதித்ததை வேறொரு பிரிவு கரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி வாரியத்தின் மேசைக்குத் தாமதமாகவே வந்தது.

பத்தாண்டு கழித்து இன்னோர் அடி. கட்டாய உழைப்பு நடக்கிறது என்று கூறி, 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலைத் தடுத்தது. வேலைக்கு வர முகவர்களிடம் கட்டிய பணத்தை நிறுவனம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, நடைமுறைகளைத் திருத்தியது. 2023இல்தான் தடை விலகியது. தொழிலாளர் விடுதியில் நடப்பது வாரியத்துக்குத் தெரியாமல் போனால் ஒரு நாட்டுக்கான ஏற்றுமதியே நின்றுவிடும் என்பதை இது காட்டியது.

வாரியத்தின் தலைக்கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அடிமட்டத்திலிருந்து கெட்ட செய்தி எத்தனை வேகமாக மேலே போகிறது, போனதும் யார் கேள்வி கேட்கிறார் என்பதில்தான் நிறுவனத்தின் நலம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஆண்டறிக்கையிலேயே பார்க்கலாம். ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், வேறு எங்கெங்கே அமர்ந்திருக்கிறார், தோட்டத் தொழிலை அறிந்தவரா என்று பாருங்கள். தொழிலாளர் புகார்கள் வாரியக் குழுவின் பார்வைக்குப் போகின்றனவா என்றும் தேடுங்கள்.

100 பங்கு மட்டும் வைத்திருப்பவரும் ஆண்டுக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம். தோட்டத்தை உள்ளிருந்து அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பங்கு வாங்கும் நிலையில் இருக்கிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு.