கொழுப்புத் துளியின் காவல்காரன்

வயிற்று ஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்ற வரி இன்று சர்வசாதாரணம். ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று ஃபைலை மூடி வைத்துவிடுகிறோம். எனக்கு அந்த வரி எப்போதும் கவலை தருகிறது. கொழுப்பைச் சேமிப்பதற்கென்றே உடல் தனியாக ஒரு திசுவை வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கொழுப்பு ஏன் கல்லீரலில் போய்க் குடியேற வேண்டும்? இதற்கான விடையில் ஒரு முக்கியப் பகுதி, கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் துளியின் மேற்பரப்பில் கிடைத்தது. அங்கே தேடியவர் கான்ஸ்டன்டைன் லாண்டோஸ். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஆய்வு செய்தவர்.

மிதந்து வரும் செல்கள்

அதே வளாகத்தில் 1964-இல் மார்ட்டின் ராட்பெல் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். எலியின் கொழுப்புத் திசுவைப் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற என்சைம் கலந்த கரைசலில் இட்டு இளஞ்சூட்டில் மெல்லக் குலுக்கினால், செல்களைப் பிணைத்திருக்கும் நார்கள் கரைந்துவிடும். மற்ற செல்கள் அடியில் படியும். கொழுப்புச் செல்கள் மட்டும் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு செல்லையும் ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி அடைத்துக்கொண்டிருக்கும். உட்கருகூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும்.

இப்படிப் பிரித்தெடுத்த செல்களில்தான் ஹார்மோன்கள் எப்படிப் பேசுகின்றன என்பதை ராட்பெல் ஆராயத் தொடங்கினார். அந்தப் பாதை 1994-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது. அவருடைய ஆய்வுக் குழுவில் பணியாற்றியவர் லாண்டோஸ்.

செய்தி போகும் வழி இதுதான். பசியில் இருக்கும்போதோ ஓடும்போதோ அட்ரினலின் போன்ற ஹார்மோன் செல்லின் வெளிச்சுவரில் வந்து ஒட்டுகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற என்சைமைத் தட்டி எழுப்ப, கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் இறங்குகிறது. சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்து இதை நிறுத்திவிடுகிறது.

இதில் ஒரு புதிர் மிச்சமிருந்தது. கொழுப்பை உடைக்கும் என்சைம் எந்நேரமும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே அவ்வளவு கொழுப்பு இருந்தும் அது ஏன் கை வைக்காமல் இருக்கிறது?

1991-இல் தெரிந்த புரதம்

லாண்டோஸும் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ஜான் ஈகன் உள்ளிட்ட அவரது சகாக்களும் கதிரியக்க பாஸ்பேட்டைக் கொழுப்புச் செல்களுக்குக் கொடுத்து, பிறகு ஹார்மோன் செய்தியை அனுப்பினார்கள். எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறதோ அது படச்சுருளில் கறுப்புப் பட்டையாக விழும். ஒரு பட்டை மற்றவற்றைவிட அழுத்தமாக விழுந்தது. கொழுப்பை உடைக்கும் என்சைமின் பட்டை அல்ல அது. அதுவரை அடையாளம் தெரியாத வேறொரு புரதம். அதற்கான எதிர்ப்பொருளைத் தயாரித்துச் செல்லில் தேடியபோது, கொழுப்புத் துளியைச் சுற்றி வளையமாகப் படிந்திருந்தது. பெரிலிப்பின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

துளியின் வாசலில் நிற்கும் காவல்காரன் என்று பெரிலிப்பினைச் சொல்லலாம். சாதாரண நேரத்தில் என்சைம்களை அண்டவிடாது. ஹார்மோன் உத்தரவு வந்து பாஸ்பேட் ஏறியதும் அதுவே வழிவிட்டு உள்ளே அழைக்கிறது. அதுவரை சும்மா கிடக்கும் எண்ணெய்ச் சொட்டு என்று நினைத்திருந்த கொழுப்புத் துளியை, உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒரு நுண்ணுறுப்பாக உயிரியல் பார்க்கத் தொடங்கியதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

காவல் இல்லாத உடல்

பெரிலிப்பின் இல்லாத எலிகளை 2000-இலும் 2001-இலும் இரண்டு குழுக்கள் உருவாக்கின. இரண்டாவது லாண்டோஸின் குழு. அந்த எலிகள் கொழுப்பு மிகுந்த தீனி தின்றும் ஒல்லியாகவே இருந்தன. எடை குறைக்கத் தவிக்கும் எவருக்கும் இது ஆசை காட்டும் செய்தி. ஆனால் லாண்டோஸின் எலிகளில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும் போக்கு கூடுதலாக இருந்தது.

மனிதர்களிலும் 2011-இல் இது தெரியவந்தது. பெரிலிப்பின் மரபணுவில் பிழையுள்ள சில குடும்பங்களில், கை கால்களில் கொழுப்பு வற்றியிருந்தது. கூடவே கடும் இன்சுலின் எதிர்ப்பும் சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் ரத்தத்தில் மிகையான டிரைகிளிசரைடும் இருந்தன. மெலிந்த கை கால்களுக்குள் இத்தனை நோய்!

சேமிப்பிடம் சரியாக இயங்காதபோது கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் ரத்தத்தில் கசிகின்றன. கல்லீரலும் தசையும் அவற்றை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அங்கே சேரும் டைஅசைல்கிளிசரால் போன்ற பொருட்கள் இன்சுலினின் செய்தியைப் பாதி வழியிலேயே தடுக்கின்றன என்பது வலுவான விளக்கங்களில் ஒன்று. மரபணுப் பிழை அபூர்வம். ஆனால், நிரம்பி வழியும் அளவுக்குத் தொடர்ந்து சாப்பிட்டு, உட்கார்ந்தே இருந்தால் நல்ல மரபணு உள்ளவர்களுக்கும் இதே கசிவு நேர்கிறது.

ஒல்லி என்ற நிம்மதி

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட் இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. ‘நான் ஒல்லிதான், எனக்கெல்லாம் சர்க்கரை வராது’ என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்கும்போது இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வருகின்றன.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை நடக்கவும் உணவைத் திருத்தவும் வைத்ததில், நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாக இறங்காமலேயே கிடைத்த பலன் இது.

செய்யக்கூடியவை

சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் நடங்கள். இயங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இனிப்புப் பானங்களையும் தட்டில் குவியும் சோற்றையும் குறையுங்கள். மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று விளம்பரத்தில் வரும் பொடிகளை நம்பாதீர்கள். கொழுப்பு துளியை விட்டு வெளியேறினால் மட்டும் போதாது, அதை எரிக்கத் தசை வேண்டும்.

இடுப்பளவை டேப்பால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால், அல்லது பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், எடை சரியாக இருந்தாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, டிரைகிளிசரைடு மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.